யானை நுழைய ஒரு வாசல்

ஒரு காட்டில், மழை இறங்க இன்னும் நாற்பது நாள் இருக்கும்போது, வேலாண்டி என்ற முள்ளம்பன்றி வீடு கட்டத் தொடங்கினான். வளை இல்லை குழந்தைகளே. வீடு. சுவர் எழுப்பி, கூரை போட்டு, வாசல் வைத்த வீடு.

முள்ளம்பன்றிகள் மண்ணுக்கு அடியில்தான் குடியிருக்கும். போன வருஷம் வேலாண்டியும் ஈச்ச மரத்தடியில் ஒரு வளை தோண்டினான். நல்ல ஆழமான வளை. மழை வந்தது. மூன்றாம் நாள் வளை அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. வேலாண்டி வெளியே வந்தான். அவன் மனைவி சடைச்சி வெளியே வந்தாள். அவர்களுடைய குட்டி வரவில்லை.

அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் சடைச்சி மறுபடியும் வயிற்றில் ஒரு குட்டியைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் கிழங்கு தின்றுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"என்னங்க, மண்ணுக்கு அடியில நான் மறுபடியும் போக மாட்டேன்" என்றாள்.

"சரி."

"மேலே கட்டுங்க. நாலு சுவர், ஒரு கூரை. இந்தக் குட்டி நனையக் கூடாது."

"சரி" என்றான் வேலாண்டி. அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லத் தைரியம் இல்லை. எந்த முள்ளம்பன்றி வீடு கட்டியிருக்கிறது?

இடத்தை அவனே பார்த்தான். பெரிய புங்க மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி. மேடு இல்லை, பள்ளம் இல்லை. நகத்தை வைத்தால் மண் பொலபொலவென்று வந்தது. சுவருக்கு அடித்தளமான கடைக்காலை ஒரே பகலில் தோண்டி முடித்துவிட்டான்.

"இவ்வளவு சுலபமா வருதே மண்ணு?" என்றாள் சடைச்சி.

"நம்ம நேரம் நல்லா இருக்கு" என்றான் வேலாண்டி.

அடுத்தது அளவு. முள்ளம்பன்றிக்கு அளவு பெரிய விஷயம். சுவர் ஒரு விரல் நெருங்கினால் முள் குத்தும். ஒரு விரல் விலகினால் குளிர் அடிக்கும். சடைச்சி தரையில் படுத்துக்கொண்டாள்.

"என்னைச் சுத்திக் கோடு போடுங்க."

வேலாண்டி நகத்தால் அவளைச் சுற்றிக் கோடு கிழித்தான். பிறகு அவன் படுத்தான். அவள் கோடு கிழித்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் விட்டார்கள். அது யாருக்கு என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வாசல் எப்படி வேணும்?"

"குனிஞ்சு நுழையற மாதிரி. காத்து வரக் கூடாது, சாரல் வரக் கூடாது. நரி எட்டிப் பாத்தா, தலையை விடும்போதே என் முள்ளு அதோட மூக்குல இருக்கணும்."

"சன்னல்?"

"கிழக்கால ஒண்ணு. மூக்கு நீட்டற அளவு போதும்."

"வேற?"

"கிழங்கு வைக்க ஒரு பரண். வேற ஒண்ணும் வேண்டாம்."

வேலை நடந்தது. வேலாண்டி ஓடையிலிருந்து கல்லை உருட்டி வந்து கடைக்காலில் அடுக்கினான். சடைச்சி புல்லை நறுக்கிப் போட்டு மண்ணைக் குழைத்தாள். பத்தாம் நாள் சுவர் வேலாண்டியின் தோள் உயரம் நின்றது. வேங்கைக் கட்டையில் வாசற்காலும் நட்டாயிற்று. நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஐந்து நாளில் முடிந்திருக்கும்.

அப்போதுதான் மூக்கையா வந்தான்.

மூக்கையா ஓர் உடும்பு. உடும்பு எதையாவது பிடித்தால் விடாது, தெரியுமல்லவா? மற்ற உடும்புகள் பாறையைப் பிடிக்கும். மூக்கையா வழக்கத்தைப் பிடித்திருந்தான். காட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் செத்தாலும், எது முன்னே, எது பின்னே என்று சொல்ல அவன் வந்து நிற்பான்.

"என்னப்பா இது, வேலாண்டி?"

"வீடுண்ணே."

"அது தெரியுது. இந்த ஓட்டை?"

"வாசல்."

மூக்கையா வாசலுக்கு முன்னால் போனான். நாக்கை நீட்டி நீட்டி இழுத்தான். பிறகு திரும்பி, "யானை எப்படி நுழையும்?" என்று கேட்டான்.

வேலாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "யானை எதுக்குண்ணே நுழையணும்?"

"வீடு கட்டறவன் கேக்கற கேள்வியா இது? வீடுன்னா யானை மிதிக்கணும். மிதிச்சாத்தான் அது நிக்கும். எங்கப்பா சொல்லியிருக்கார். அவருக்கு அவங்கப்பா சொல்லியிருக்கார்."

குழைத்த மண்ணில் கால் வைத்தபடி சடைச்சி நிமிர்ந்தாள். "யானையா வந்து இதுல குடியிருக்கப் போகுது?"

"நீ கொஞ்சம் இரு தாயி. நான் அவன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

வேலாண்டி தயங்கினான். "வாசலுக்கு வெளியே ஒரு காலை வச்சுட்டுப் போனாப் போதாதாண்ணே?"

"வெளியே வைக்கறதுக்குப் பேரு வீட்டை மிதிக்கறதா? உள்ளே வரணும். வலது காலை எடுத்து வச்சு வரணும். முழுசாத் திரும்பி, முகத்தைக் காட்டிக்கிட்டே வெளியே போகணும். புது வீட்டுல பின்னால நடக்கக் கூடாது."

"நீங்க அப்படி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இந்தக் காட்டுல எவன் வீடு கட்டினான், நான் பாக்க? எல்லாம் பொந்தும் புதரும்! நீதான் முதல்ல கட்டறே. முதல்ல கட்டறவன் முறையாக் கட்டணும்."

வேலாண்டி சடைச்சியைப் பார்த்தான். அவள் தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். அவனுக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தான்.

அதற்குள் மூக்கையா கேட்டான்: "போன வருஷம் உன் வளையை யானை மிதிச்சுதா?"

கேட்டவனே பதிலும் சொன்னான்.

"மிதிக்கல. அப்புறம் என்ன ஆச்சு?"

கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. மூக்கையா கெட்டவன் இல்லை. ஆனால் வேலாண்டியின் முதுகு முள்ளெல்லாம் ஒரு தடவை எழுந்து நின்று, மெல்லப் படுத்தன. சடைச்சி மண்ணை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் வேலாண்டி வாசற்காலைப் பிடுங்கிப் போட்டான்.

யானை எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். முள்ளம்பன்றி எவ்வளவு சின்னது என்றும் தெரியும். மிச்சத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வாசலை உயர்த்தினால் சுவரை உயர்த்த வேண்டும். சுவரை உயர்த்தினால் கூரை ஆகாயத்துக்குப் போகிறது. யானை உள்ளே வந்து திரும்ப வேண்டுமென்றால், முன்கூடம் ஒரு சின்ன மைதானம் மாதிரி வேண்டும். வேலாண்டி மூங்கில் மேல் மூங்கில் கட்டினான். எட்டாத உயரத்துக்கு மந்திகளைக் கூப்பிட்டான். மந்திகள் ஏறிக் கட்டின. கட்டிவிட்டு, சடைச்சி பிள்ளைப்பேற்றுக்கென்று சேர்த்து வைத்திருந்த வள்ளிக்கிழங்கு அத்தனையையும் தின்று தீர்த்தன.

புங்க மரத்து மைனாவுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"வேலாண்டி மாமா, யானையை எந்தத் தூண்ல கட்டப் போறே?"

வேலாண்டி கயிறு முறுக்கினான்.

"ஏன் மாமா, ஒட்டகச்சிவிங்கி வந்தா என்ன பண்ணுவே? கூரையில ஓட்டை போடுவியா?"

"போடி அந்தப் பக்கம்! வேலை இருக்கு."

வேலை இருந்தது. நாள்தான் இல்லை. இடமும் இல்லை. கூடம் பெரிதாகப் பெரிதாக, உள்ளறை சிறிதாகிக்கொண்டே வந்தது. கூரைப்புல் எல்லாம் கூடத்துக்கே போனது. முதல் நாள் தரையில் கிழித்தார்களே கோடு, அதன் மேலேயே இப்போது ஒரு தூண் நின்றது.

சடைச்சி ஒருநாள் உள்ளறையில் போய்ப் படுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முள் சுவரில் உரசியது. எழுந்து திரும்பப் பார்த்தாள். முடியவில்லை. வயிறு வேறு. பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தாள்.

"இதுல நான் எப்படிப் பெத்து எடுக்கறது?" என்று கேட்டாள்.

"ஒரு நாள்தான் சடைச்சி. யானை வந்து மிதிச்சுட்டுப் போகட்டும். மறுநாளே வாசலை அடைக்கறேன், கூடத்தைக் குறைக்கறேன், உனக்கு அறையைப் பெருசு பண்ணித் தரேன்."

"மழைக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஒன்பது."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் வெளியே போய்க் காய்ந்த சருகாகப் பொறுக்கி, கூடத்தின் ஒரு மூலையில் குவித்தாள். பெரிய வாசல் வழியாகக் காற்று வந்தது. சருகு முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. மறுபடியும் போய்ப் பொறுக்கினாள்.

வேலாண்டி அதைப் பார்த்தான். பார்க்காதது போல யானையைக் கூப்பிடப் போனான்.

பெரியநாயகி என்ற யானை மடுவில் நின்று குளித்துக்கொண்டிருந்தாள். காட்டிலேயே பெரிய உருவம். ஆனால் புல் மேல் நடந்தால்கூடப் புல்லுக்கு வலிக்குமோ என்று பார்த்து நடப்பவள். வேலாண்டி கரையில் நின்று, தொண்டையைக் கனைத்து, விஷயத்தைச் சொன்னான்.

"என்னையா? வீட்டுக்குள்ளயா?" பெரியநாயகியின் காது இரண்டும் நின்றுவிட்டன. "என்னை யாரும் வீட்டுக்குள்ள கூப்பிட்டதே இல்லையேப்பா! இடிஞ்சிடப் போகுதுன்னு எல்லாரும் ஓடுவாங்க."

"நீங்க மிதிச்சாத்தான் வீடு நிக்குமாம், ஆத்தா. மூக்கையா அண்ணன் சொன்னாரு."

"அப்படியா சொன்னான்? நாங்க மிதிக்கறது உண்டுதான். ஆனா..." அவள் துதிக்கையால் நெற்றியைத் தடவினாள். "எந்தப் பக்கம் கட்டியிருக்கே?"

"புங்க மரத்துக்குப் பக்கத்துல, வெட்டவெளியில."

"பெரிய புங்க மரமா? அங்க முன்னாடி ஒரு..."

"நாளைக்குக் காலையில வந்துடுங்க ஆத்தா! நேரம் போயிடும்!" என்று சொல்லிவிட்டு வேலாண்டி ஓடிவிட்டான். அவள் மாட்டேன் என்று சொல்லாததே அவனுக்குப் போதும். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நின்று கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலையில் மேகம் மூட்டமாக இருந்தது. காடே கூடிவிட்டது. முயல், மான், மந்தி, எல்லாம் வந்து நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தன. மைனா மட்டும் எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று கிளை மாற்றிக்கொண்டே இருந்தது.

மூக்கையா முன்னால் நின்றான். "வீட்டுக்காரி உள்ளறையில இருக்கணும். உள்ளேயிருந்து வரவேற்கணும்" என்றான்.

சடைச்சி வயிற்றைத் தரையில் உரசாமல் மெதுவாக நடந்து, பின்பக்கமாக நகர்ந்து, அந்தக் குறுகலான அறைக்குள் போனாள். போகும்போது வேலாண்டியை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

பெரியநாயகி வந்தாள். மடுவில் நின்று நாலு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். வழியில் சேறு படாமல் கல் மேலேயே நடந்து வந்திருப்பாள் போலிருக்கிறது, கால் பளிச்சென்று இருந்தது.

"வலது காலு! வலது காலு!" என்றான் மூக்கையா.

யானை எங்கேயும் சட்டென்று கால் வைத்துவிடாது. முதலில் முன்காலை லேசாக ஊன்றும். கொஞ்சம் அழுத்தும். பூமி தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் உடம்பைக் கொண்டுவரும். பெரியநாயகி வாசலில் வலது காலை ஊன்றினாள். கொஞ்சம் அழுத்தினாள்.

உடனே காலை எடுத்துவிட்டாள்.

"ஏன் ஆத்தா? வாங்க!" என்றான் வேலாண்டி.

அவள் இன்னொரு இடத்தில் ஊன்றிப் பார்த்தாள். அங்கேயும் எடுத்துவிட்டாள்.

"உள்ளே யாரு இருக்கா?"

"சடைச்சி."

"வெளியே வரச் சொல்லு."

"அதெப்படி?" மூக்கையா குறுக்கே வந்து நின்றான். "வீட்டுக்காரி இடத்தை விட்டு நகரக் கூடாது. நீங்க மொதல்ல மிதிங்க. இவ்வளவும் உங்களுக்காகக் கட்டினது. மிதிக்காமப் போனா வீடு நிக்காது!"

"மிதிச்சா இப்பவே நிக்காது" என்றாள் பெரியநாயகி. "மிதிக்காட்டி, மழைக்கு நிக்காது. வேலாண்டி, உன் பொண்டாட்டியை வெளியே கூட்டிட்டு வா."

"வேலாண்டி, போகாதே! பாதியில விட்டா ஆகாது. போன வருஷத்தை நினைச்சுப் பாரு!" என்றான் மூக்கையா.

வேலாண்டி நினைத்துப் பார்த்தான். மூக்கையா சொன்ன மாதிரி இல்லை. ஈச்ச மரத்தடியில் மழையில் நின்றுகொண்டு, இடிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு உள்ளே போக வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது. யானை நுழையும் அளவுக்கு இருக்கிறது.

ஓடினான்.

"சடைச்சி, வா!"

"நகரக் கூடாதுன்னாரே?"

"அவர் கிடக்கார். வா!"

திரும்ப இடமில்லாத அறை. நல்லவேளை, பின்பக்கமாகப் போனதால் அவள் முகம் வாசலைப் பார்த்தே இருந்தது. அவன் முன்னால் இழுக்க, அவள் உரசிக்கொண்டு வந்தாள். நாலைந்து முள் சுவரிலேயே குத்தி நின்றுவிட்டது. இரண்டு பேரும் கூடத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, புங்க மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள் பெரியநாயகி. பிறகு வாசலில் ஒரு காலை, ஒரே ஒரு காலை, வைத்து அழுத்தினாள்.

தரை புஸ்ஸென்று உள்வாங்கியது. ஒரு சுவர் சாய்ந்தது. அது அடுத்த சுவர் மேல் விழுந்தது. மூங்கில் ஒவ்வொன்றாகச் சடசடவென்று முறிந்தது. அவ்வளவு உயரக் கூரையும் ஒரு பெரிய பறவை இறங்கி உட்காருவதுபோல உள்ளறை மேல் உட்கார்ந்தது. கடைக்கால் குழியிலிருந்து கறுப்புத் தண்ணீர் மெல்ல ஊறி வந்தது.

கூடியிருந்த எல்லோரும் இன்னும் இரண்டடி தள்ளிப் போனார்கள். மைனாகூட.

"இது பழைய ஓடைப்பா" என்றாள் பெரியநாயகி. "நேத்தே சொல்ல வந்தேன். நீ ஓடிட்டே. குட்டியா இருக்கறப்ப நான் இதுல குளிச்சிருக்கேன். அப்புறம் தண்ணி தடம் மாறிடுச்சு. சருகும் வண்டலும் விழுந்து மூடிடுச்சு. மேலே பாத்தா தரை. அடியில ஒண்ணுமே இல்ல."

"நீங்க மிதிச்சா வீடு நிக்கும்னு..." என்று இழுத்தான் மூக்கையா.

"நிக்கும். கட்டறதுக்கு முன்னாடி மிதிச்சா. அந்தக் காலத்துல மனையைப் பாத்ததும் எங்க ஆளுங்களைத்தான் கூப்பிடுவாங்க. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் நடந்து காட்டுவோம். நாங்க நின்னாத் தாங்கற மண்ணு எதையும் தாங்கும். தாங்கலையா, வேற இடம் பாத்துக்குவாங்க. கட்டி முடிச்ச வீட்டுக்குள்ள யானையை விட்டா வீடு என்னத்துக்கு ஆகும், சொல்லு?"

எல்லோரும் மூக்கையாவைப் பார்த்தார்கள்.

"அண்ணே" என்றான் வேலாண்டி. "எப்ப மிதிக்கணும்னு உங்கப்பா சொன்னாரு?"

மூக்கையாவின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போயிற்று.

"மிதிக்கணும்னு சொன்னாரு. எப்பன்னு நான் கேக்கலையே."

வேலாண்டிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, அந்த ஈச்ச மரத்தடியில..."

"அதுவும் இதே ஓடைதான்ப்பா. இங்கேயிருந்து வளைஞ்சு அப்படித்தான் போகும்."

வேலாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கையா கேட்டது சரிதான். யானை மிதிக்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு கால் மிதித்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் முள்ளெல்லாம் தரையில் சரிந்தன.

சடைச்சி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். முள்ளம்பன்றிகள் ஒன்றையொன்று தொட்டு ஆறுதல் சொல்ல முடியாது. அதனால் மூக்கை மட்டும் அவன் மூக்கோடு வைத்தாள்.

"எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றாள். "மழைக்கு எட்டு நாள் இருக்கு. எந்திரிங்க."

அவன் எழுந்தான்.

பெரியநாயகி முன்னால் நடந்தாள். ஒவ்வோர் இடமாகக் காலை ஊன்றினாள், அழுத்தினாள், தலையை ஆட்டினாள், நகர்ந்தாள். புங்க மரத்துக்கு மேற்கே, ஒரு கரும்பாறையின் சரிவுக்குக் கீழே வந்ததும் ஒரு காலை ஊன்றினாள். இன்னொரு காலை ஊன்றினாள். நாலு காலிலும் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இலைகூட அசையவில்லை.

"இங்க" என்றாள்.

வேலாண்டி நகத்தை வைத்தான். நகம் வழுக்கியது. கல் மாதிரி மண். "இதைத் தோண்ட ஒரு மாசம் ஆகுமே!"

"தள்ளு" என்று ஒரு குரல் கேட்டது.

மூக்கையாதான். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, நாலு காலையும் மண்ணில் ஊன்றித் தோண்ட ஆரம்பித்தான். உடும்பு பிடித்தால் விடாது என்று சொன்னேனே. பாறையில் ஏறும் நகம் அது. இரண்டு பகலில் கடைக்கால் முடிந்தது. நகம் பாதி தேய்ந்துவிட்டது. போதும் என்று வேலாண்டி சொன்னான். அவன் விடவில்லை.

"அண்ணே, ஆழம் போதும்ணே!"

"நீ சும்மா இரு."

சடைச்சி தரையில் படுத்தாள். வேலாண்டி சுற்றிலும் கோடு போட்டான். வயிறு இப்போது பெரிதாகிவிட்டதால், கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியிருந்தது. பிறகு அவன் படுத்தான். நடுவே சின்ன இடம் விட்டார்கள். இடிந்த வீட்டிலிருந்து கல்லும் மூங்கிலும் பெரியநாயகி ஒரே நடையில் தூக்கி வந்தாள். மந்திகள் தாமாகவே வந்து கூரைப்புல்லைச் சுமந்தன. தின்ற கிழங்கு உறுத்தியிருக்கும்.

வாசற்கால் நடும் நாள் வந்தது. முன்பு பிடுங்கிப் போட்ட அதே வேங்கைக் கட்டைகள். வேலாண்டி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கையாவைப் பார்த்தான்.

"அண்ணே, வாசல் எவ்வளவு உயரம் வைக்கலாம்?"

"என்னைக் கேக்காதே" என்றான் மூக்கையா. "உள்ளே படுக்கப் போறவளைக் கேளு."

சடைச்சி சிரித்தாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பெரிய வீட்டுக்கு ஒரு மாதம் போதவில்லை. சின்ன வீட்டுக்கு ஏழு நாள் போதுமாக இருந்தது. எட்டாம் நாள் பரணுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் துளி விழுந்தது. வேலாண்டியும் சடைச்சியும் குனிந்து உள்ளே போனார்கள். பெரியநாயகி வெளியே மழையில் நின்றாள்.

"நீங்களும் வாங்கன்னு கூப்பிட இடமில்லையே ஆத்தா" என்றான் வேலாண்டி வாசலிலிருந்து.

"எனக்கு எதுக்குப்பா கூரை? மழைன்னா எனக்குக் குளியல்" என்றாள் அவள். துதிக்கையின் நுனியை மட்டும் கிழக்குச் சன்னலில் நீட்டினாள். உள்ளேயிருந்து காய்ந்த சருகின் மணம் வந்தது. "நல்லா இருக்கு வீடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு நாள் மழை கொட்டித் தீர்த்தது. ஐந்தாம் நாள் கொஞ்சம் விட்டபோது வேலாண்டி புங்க மரத்தடிக்குப் போய்ப் பார்த்தான். வெட்டவெளியைக் காணவில்லை. ஓடை பழைய தடத்துக்கே திரும்பி வந்து, சுழித்துக்கொண்டு போயிற்று. அவன் கட்டிய சுவரில் ஒரு கைப்பிடி மண்கூட மிச்சமில்லை.

திரும்பும் வழியில் ஒரு புதருக்குப் பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டது. மூக்கையா ஒரு முயலை மறித்துக்கொண்டு நின்றான்.

"வளை தோண்டறதுக்கு முன்னாடி யானையைக் கூப்பிட்டியா?"

"இன்னும் நான் நகமே வைக்கலையே, மூக்கையா மாமா!"

"அதனாலதான் இப்பக் கேக்கறேன்."

வேலாண்டி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான். மறுபடியும் தூற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து, உடம்பிலிருந்த ஈரத்தை உதறிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தான். சடைச்சி அவள் இடத்தில் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில், அந்தச் சின்ன இடத்தில், முந்தாநாள் பிறந்த குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. முள் இன்னும் மயிர் மாதிரி மிருதுவாக இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வேலாண்டி தன் இடத்தில் படுத்தான். யாருடைய முள்ளும் யாரையும் குத்தவில்லை. யாருக்கும் குளிரவில்லை.

நீதி: ஒரு வழக்கத்தைப் பின்பற்றுமுன் அது எதற்காக வந்தது என்று கேள். காரணம் மறந்துபோனால், நல்ல வழக்கமும் வீட்டை இடிக்கும்.